நாலு பெட்டி வாசகமும் வரட்டும் மச்சானும்

வாசகம் சாருக்குக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டால் கம்பெனிக்காரர்களே தலையைச் சொறிவார்கள். அவர் டிக்கெட் கிழிப்பதில்லை, கொடி காட்டுவதில்லை, கரி அள்ளுவதில்லை. மேற்கு நதிக்கரை ரயில்பாதைக் கம்பெனியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அதை ஊர் நம்ப வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நாலு வார்த்தைக்கு மேல் சொல்ல எதுவும் இல்லாததால் அவருக்கு உதவியாள் யாரையும் போடவில்லை.

ஆரம்பத்தில் அவர் டிக்கெட் கவுன்டரில்தான் இருந்தார். ஒருநாள் மூட்டை முடிச்சோடு வந்த ஒருவர், "இந்த வண்டி எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்க, இவர் டிக்கெட்டில் முத்திரை குத்திக்கொண்டே, "ஏறுறது உங்க கையில, சேர்க்கறது எங்க கையில" என்று சொல்லியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனாலும் கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனதைப் பின்னால் நின்ற மேனேஜர் பார்த்துவிட்டார். பதிலே சொல்லாமல் ஆளைத் திருப்தியாக அனுப்பத் தெரிந்தவனைக் கவுன்டரில் வைத்திருப்பது வீண் என்று அவருக்குப் பட்டது. மறுநாளே ஸ்டேஷன் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த அறையில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மேலே யாராவது ஓடினால் மேஜையில் சுண்ணாம்பு உதிரும். ஒரு மூலையில் பெயின்ட் டப்பாக்கள், இன்னொரு மூலையில் சுருட்டி வைத்த விளம்பரத் தாள்கள், நடுவில் பசைச்சட்டி. கம்பெனியின் பெருமை எல்லாம் அங்கே குனிந்தபடிதான் எழுதப்பட்டது.

அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகளை முழுப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெட்டியில் என்ன முதலெழுத்து எழுதியிருக்கிறதோ அதுதான் பெயர். இவர்கள் கம்பெனி மே.ந.ர. என்று எழுதியது, ஜனங்கள் அதை "மேலே நகராத ரயில்" என்று படித்தார்கள். எதிர்க்கரையில் ஓடிய கிழக்கு நதிக்கரை ரயில்பாதைக்குக் கி.ந.ர. என்று எழுத்து, அது "கிளம்பினால் நடுவில் ரத்து" ஆயிற்று. இரண்டாவது நம் ஆளின் கைவரிசை. "சத்தியமா நான் இல்லப்பா" என்று அவர் மறுக்கும்போது முகத்தில் தெரிகிற பூரிப்பைப் பார்த்தாலே போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை.

பட்டப்பெயர் வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு ராசி. வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் வராது. பழைய எஞ்சினுக்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்தார். ஸ்டேஷன் கடிகாரம் சொல்வது பலித்தாலும் பலிக்கும் என்பதால் அதற்கு ஜோசியர் என்று பெயர். வழியில் யார் கையை நீட்டினாலும் நின்றுவிடும் காலை வண்டி ஆமாஞ்சாமி ஆனது. கடைசியில் மேனேஜரே, "ஆஸ்துமாவை ஆமாஞ்சாமியில மாட்டியாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி அடங்காது. சமையலறைச் சுவரில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, "குடித்தபின் மூடுங்கள், மூடியபின் குடியுங்கள்" என்று எழுதி வைத்திருந்தார்.

"மூடின பானையில எப்படிங்க குடிக்கறது?" என்று மனைவி கேட்டாள்.

"ஓசை நல்லா இருக்கு பாரு."

"உங்க வாய்க்கு மேல ஒண்ணு எழுதி மாட்டணும்" என்றாள் அவள்.

அவர் வாழ்க்கையின் உச்சம் என்றால் அந்த நாலு பெட்டிகள்தான். எதிர்க்கரைக்காரன் கண்ணில் படுகிற மாதிரி, ஆற்றைத் தாண்டித் தெரிகிற எழுத்தில் ஒரு வாசகம் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அவ்வளவு பெரிய எழுத்தென்றால் ஒரு பெட்டிக்கு ஒரு சொல்தான் கொள்ளும். பகல் வண்டிக்கு நாலே பெட்டி. வாசகம் சார் சோறு தண்ணி மறந்து யோசித்து, கடைசியில் எழுதினார்: உங்கள். நேரம். எங்கள். உயிர்.

"உங்கள் நேரம் எங்கள் உயிர்." மஞ்சள் பெட்டியில் கறுப்பு எழுத்து. வண்டி முதல்முறை பிளாட்பாரத்துக்குள் வந்தபோது அவர் கண் கலங்கி நின்றார். அன்றும் வண்டி லேட்டு என்பது அவர் மனதில் ஏறவே இல்லை. கம்பெனித் தலைவருக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் ஒருநாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை, அதனால் முழுமனதோடு நம்பினார்.

இனி மச்சான் கதைக்கு வர வேண்டும்.

வாசகம் சாருடைய மனைவியின் அண்ணன், அதே கம்பெனியில் ஷண்டிங் மேஸ்திரி. யார்டில் கிடக்கும் பெட்டிகளை எஞ்சினால் தள்ளி, இழுத்து, கொக்கி மாட்டி, வண்டியாகக் கோர்த்துக் கொடுப்பவர். எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் முடிவு. பத்திரத்துக்காகக் கம்பெனிச் சட்டமே அவருக்குக் கொடுத்த அதிகாரம் அது. அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் எஞ்சின் டிரைவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேச வரும்.

வாசகம் சாருக்குக் கல்யாணமான புதிதில், கம்பெனி வீட்டுக்குக் குடிபோன நாளில், சாமான் ஏற்றிய லாரியைப் பின்னால் எடுக்க உதவியது இந்த மச்சான்தான். லாரிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி, "வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." என்று யார்டு பாணியில் குரல் கொடுத்தார். யார்டில் பெட்டிகள் முட்டினால்தான் கொக்கி மாட்ட முடியும். அந்தப் பழக்கத்தில், "போதும்" என்று சொல்ல வேண்டிய இடம் அவருக்குப் பிடிபடவில்லை. லாரி வந்தது, வந்தது, பக்கத்து வீட்டு மதில்சுவர் உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது புது மாப்பிள்ளை மட்டும் சொன்னார்: "பரவால்ல, நம்ம வரட்டும் மச்சான் இருக்கும்போது சுவர் எதுக்கு?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அன்று சாயங்காலத்துக்குள் யார்டு முழுக்க அவர் வரட்டும் ஆகிவிட்டார்.

அந்தப் பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "அடுத்தது யாரு?" என்று கேட்பாள். கூட வந்த, யார்டில் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், "வரட்டும்" என்பான். "யாரு வரட்டும்?" "அவர்தான் வரட்டும்." "யாரா இருந்தாலும் ஒருத்தர் மட்டும் வாங்க" என்று நர்ஸ் எரிந்து விழுவாள். டீக்கடையில் நாலு பேர் கூடினால், "வரட்டும் வரலையா?" "வரட்டும், வரட்டும்" என்று தொடங்கிவிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டார். தங்கை புருஷன் வைத்த பெயர், போகட்டும் என்று விட்டுவிட்டார். "போகட்டும்" என்று அவர் வாயால் சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு எழும் என்பதால் மனதுக்குள்தான் விட்டார்.

பல வருஷம் கழித்து, அவருடைய சேவையைப் பாராட்டிக் கம்பெனி ஒரு கேடயம் கொடுக்க முடிவு செய்தது. கேடயத்தில் பொறிக்கவேண்டியதை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விழாவில் மேனேஜர் ஒலிபெருக்கியில், "திரு. வரட்டும்" என்று கூப்பிட்டார். வாசலில் கார் வந்து நிற்கிறது போலிருக்கிறது, யாரையோ உள்ளே விடச் சொல்கிறார் என்று நினைத்துக் காவல்காரன் கேட்டை அகலத் திறந்துவிட்டான். மச்சான் மேடையேறிக் கேடயத்தை வாங்கிப் படித்தார். பளபளக்கும் பித்தளையில், "உழைப்பின் சிகரம் திரு. வரட்டும் அவர்களுக்கு" என்று வெட்டியிருந்தது. மனைவி மக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயுசில் அவருக்குக் கிடைத்த ஒரே கேடயம் அது.

அவர் கேடயத்தோடு இறங்கிப் போனார். வாசகம் சார் பக்கத்தில் இருந்தவரிடம், "ஓசை எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேலிக்காக எழுதினார் என்றால்கூட மன்னிக்கலாம். அவர் யோசிக்கவே இல்லை. எனக்கு இந்த மனிதரிடம் வருகிற கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

மறுநாள் பகல் வண்டி இப்படி வந்து நின்றது: எங்கள் நேரம் உங்கள் உயிர்.

பிளாட்பாரத்தில் நின்ற ஜனம் ஒருமுறைக்கு இருமுறை படித்தது. குழந்தையோடு வந்த ஓர் அம்மாள் திரும்பி வீட்டுக்கே போய்விட்டாள். அடுத்த நாள், "உங்கள் உயிர் எங்கள் நேரம்". அதற்கடுத்த நாள் 'நேரம்' பெட்டிக்குச் சக்கர அச்சில் பழுதென்று அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கோர்த்தார்: உங்கள் உயிர் எங்கள். ஒரு வாரம் கழித்து, 'நேரம்' பட்டறையிலிருந்து திரும்பியதும், மரம் ஏற்றப் போகவேண்டிய சரக்கு வேகன் ஒன்றை வால்பக்கம் மாட்டினார். சரக்கு இல்லாத வேகனில் 'காலி' என்று எழுதியிருப்பது வழக்கம். வண்டி மெதுவாக, கம்பீரமாக வந்து நின்றது: எங்கள் நேரம் உங்கள் உயிர் காலி.

ஊருக்கு நல்ல வேடிக்கை. எங்கும் போகவேண்டியில்லாதவர்கள்கூட, இன்றைக்கு வண்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வந்தார்கள். பிளாட்பார டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. பயண டிக்கெட் வாங்கத்தான் ஆளில்லை. வாங்கின சிலரும், 'உயிர்' பெட்டியில் இடம் காலியாகக் கிடந்தாலும், 'உங்கள்' பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். எதிர்க்கரைக் கம்பெனிக்காரர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தார்கள்.

மேனேஜர் மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"முதல் பெட்டியில ஜன்னல் சரியில்லங்க, அது பின்னாடி போகணும்" என்றார் மச்சான். "கனமான பெட்டி எஞ்சின் பக்கம் இருக்கணும். உயிர் கொஞ்சம் கனம்."

"வாசகம் தப்பா வருதேய்யா."

"நான் பெட்டிதாங்க கோர்க்கறேன். வாசகம் கோர்க்கறது எங்க வீட்டு மாப்பிள்ளை வேலை."

சட்டம் அவர் பக்கம். மேனேஜருக்கு அவரிடம் அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. வாய் வருகிற இடத்துக்கு, அதாவது மாடிப்படி அறைக்கு, குனிந்து வந்து சேர்ந்தார்.

"அடுத்த வாரம் கம்பெனித் தலைவர் வர்றார். அந்த வாசகத்தை நேர்ல பார்க்கணுமாம். வண்டியில வாசகம் ஒழுங்கா வரணும், சொல்லிட்டேன். இல்லேன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல. கம்பெனி வீட்டையும் காலி பண்ணிடுங்க."

"காலி" என்ற சொல்லைக் கேட்டதும் வாசகம் சார் துள்ளி எழுந்து, மேலே தலையை இடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். நல்ல வழி ஒன்று தோன்றியிருப்பதாகவும் சொன்னார். எப்படி மாற்றிக் கோர்த்தாலும் அர்த்தம் மாறாத வாசகம் எழுதிவிட்டால் மச்சான் என்ன செய்ய முடியும்? நாலு அட்டையில் நாலு சொல் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார்: வண்டி. நேரத்தில். பத்திரமாகச். சேரும்.

"மாத்திப் போடு" என்றார் பெருமையாக.

அவள் மாற்றிப் போட்டாள். "சேரும் வண்டி பத்திரமாகச் நேரத்தில்."

"பார்த்தியா? அர்த்தம் மாறல."

"பத்திரமாகவுக்குப் பின்னாடி ஒரு 'ச்' தொங்குதே."

அதுதான் சிக்கல். 'சேரும்' பின்னால் வந்தால் அந்த ஒற்று வேண்டும். வேறு பெட்டி வந்தால் அது அந்தரத்தில் நிற்கும். ஒற்று இல்லாமல் எழுதினாலோ, ஸ்டேஷன் பக்கத்திலேயே ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். ஆள் பிரம்போடு வந்துவிடுவார். கொக்கியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு 'ச்' செய்யலாமா என்று வாசகம் சார் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். தச்சரிடம் விலைகூடக் கேட்டார்.

மனைவி அட்டைகளை அடுக்கி ஒதுக்கி வைத்தாள். "நீங்க என்ன எழுதினாலும் எங்கண்ணன் கோர்த்துருவார். அவருக்கு வண்டி மேலயா கோபம்? போய்ப் பேசுங்க."

"என்னன்னு பேசறது?"

"தப்புன்னு பேசுங்க. அதுக்கு ஓசை எல்லாம் வேண்டாம்."

மறுநாள் யார்டுக்குப் போனார். மச்சான் ஒரு பெட்டியின் படியில் உட்கார்ந்து கையில் இருந்த கிரீஸைக் கந்தலில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றார் வாசகம் சார்.

"சொல்லுங்க சார்."

அந்த 'சார்' நல்ல இடத்தில் குத்தியது. இத்தனை வருஷமும் 'மாப்ள' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"கோபம் இருந்தா என்னைத் திட்டுங்க மச்சான். உங்க தங்கச்சி இருக்கற வீடு போயிடும்."

மச்சான் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. என் பேரைச் சொல்லுங்க. சொன்னா, வண்டிய நீங்க எழுதின மாதிரியே கோர்த்துத் தர்றேன்."

"இதென்ன பெரிய..." என்று ஆரம்பித்த வாசகம் சார் அங்கேயே நின்றுவிட்டார்.

பெயர் வரவில்லை. எவ்வளவு துழாவியும் வரட்டும்தான் வருகிறது. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோது ஒருமுறை சொன்னார்கள். 'க'வில் தொடங்குமோ? 'ச'வோ? ஊருக்கெல்லாம் பெயர் வைத்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"மச்சான்..."

"அது உறவு."

"அண்ணே..."

"அதுவும் உறவுதான். பேர் கேட்டேன்." மச்சான் எழுந்து கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டார். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

பெயரைத் தேடும் படலம் ஆரம்பமானது. சம்பள எழுத்தரிடம் கேட்டார். அங்கே தொழிலாளிக்குச் சட்டையில் குத்தும் தகட்டு நம்பர்தான். பெயரை எவன் பார்த்தான் என்றார்கள். முடிவெட்டுபவர், "வரட்டுமோட பேரா? வரட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, கத்தரியை நிறுத்தி, "ஏன், அது பேர் இல்லையா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். மேனேஜரோ கோபப்பட்டார். "அவருக்கு வேற பேர் இருக்கா? கம்பெனிக்குத் தெரிவிக்காம எப்படி வச்சிருந்தார்?"

மச்சான் வீட்டுக்கே போனார், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து. மச்சான் பெண்சாதி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அலமாரியின் மேல் அந்தக் கேடயம் முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நேராகக் கேட்க வாசகம் சாருக்கு வெட்கம்.

"அக்கா, மச்சானை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னுதான். ஏன் தம்பி?"

"கோபம் வந்தா?"

"கோபம் வந்தா கூப்பிடவே மாட்டேன்."

தண்ணீரைக் குடித்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். திருப்பி வைத்த கேடயத்தின் மொட்டை முதுகுதான் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றது. அவர் எழுதியதில் இதுவரை யாரும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது அது ஒன்றுதான். வெட்கம் என்றால் என்ன என்று அந்த வயதில் அவருக்குப் புதிதாகத் தெரிந்தது.

மனைவியிடம் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் பேர் என்ன?"

முதலில் அவள் சிரித்தாள், ஏதோ புது வாசகத்துக்காகக் கேட்கிறார் என்று. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை. அவரும் கதவுக்கு வெளியே ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, ஓசை நயத்தோடு எதையும் சொல்லவில்லை. அது ஒன்று உருப்படியாகச் செய்தார்.

தலைவர் வருகிற நாள் காலை, டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து உங்க மேல இருந்த கோபத்துல நான் அழல" என்றாள். "நீங்க கேட்டதும் எனக்கும் சட்டுனு வரல. கூடப் பிறந்தவ நான். அண்ணே அண்ணேன்னே கூப்பிட்டுப் பழகி, இந்த ஊர் கூப்பிடறதையும் கேட்டுக் கேட்டு... கொஞ்ச நேரம் தேடினேங்க. அதான்."

பிறகு பெயரைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். "அப்படி இல்ல, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுங்க, எங்கம்மா அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று திருத்தினாள். அவர் இழுத்துச் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் அதை வைத்துக்கொண்டு நீங்களும் ஏதாவது விளையாடுவீர்கள். சாதாரணப் பெயர்தான், ஒரு மனிதருக்கு அவருடைய அம்மா வைத்தது.

வாசகம் சார் சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் யார்டுக்கு ஓடினார். வழியெல்லாம் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனார். எதிரே வந்த இருவர் வணக்கம் சொன்னபோது, வாயைத் திறந்தால் மறந்துவிடுமோ என்று தலையை மட்டும் ஆட்டினார்.

யார்டில் பகல் வண்டி தயாராக நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் மாட்டியாகிவிட்டது. பெட்டிகளைக் கழுவி, எழுத்தின்மேல் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். வாசகம் சார் இடமிருந்து வலமாகப் படித்தார். உங்கள். நேரம். எங்கள். உயிர்.

மறுபடியும் படித்தார். சரியாகத்தான் இருந்தது.

பாயிண்ட்ஸ்மேன் பக்கத்தில் வந்தான். "காலையிலயே வந்து கோர்த்துட்டார் சார். தங்கச்சி வீடு மாறக் கூடாதுன்னு சொன்னார். நீங்க போகலாம் சார், ஸ்டேஷன்ல மேனேஜர் உங்களைத் தேடறார்."

வேலை தப்பியது. வீடு தப்பியது. பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வண்டி ஒழுங்காகத்தான் போகப்போகிறது. ஸ்டேஷன் பக்கம் மேளமும் மாலையும் தயாராக இருந்தன. தலைவர் பக்கத்தில் நின்று ஒரு கைகுலுக்கல் வாங்கலாம். வாசகம் சார் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தண்டவாளத்தைத் தாண்டி, வண்டியின் வால்பக்கத்துக்கு நடந்தார்.

மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசிப் பெட்டியின் கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசகம் சார் கொஞ்சம் தள்ளி நின்று, கடைசி எழுத்தை இழுத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மச்சான் திரும்பவில்லை.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். பாயிண்ட்ஸ்மேன் திரும்பினான். எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்தார். மச்சான் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருந்தார். கோபத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் வாசகம் சார் நினைத்தார். கிட்டே போய், தொண்டை கிழிய மூன்றாவது முறை கூப்பிட்டார்.

மச்சான் நிமிர்ந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், யாரோ புதிதாக யார்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"யாரைக் கூப்பிடறீங்க?" என்றார்.

எவ்வளவோ எழுதிய வாசகம் சார், "உங்களைத்தான்" என்று மட்டும் சொன்னார். "தப்பு பண்ணிட்டேன்."

மச்சான் அவரையே பார்த்தார். அந்தப் பெயர் மெதுவாக அவருக்குள் போய்ச் சேர்வது முகத்தில் தெரிந்தது. படியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. எஞ்சின் ஊதியது, டிரைவர் கையை ஆட்டிக் கொடி கேட்டார். மச்சான் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என் பேருதான்" என்றார். "எனக்கே பழக்கம் விட்டுப்போச்சு மாப்ள."

பிறகு தண்டவாளத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனார். அங்கே நின்று, முதுகைக் காட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பாகக் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டார்.

"இப்ப கூப்பிடுங்க" என்றார்.

வாசகம் சார் கூப்பிட்டார். மச்சான் ஒரு கணம் கழித்துத் திரும்பினார்.

"லேட்டு" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். "இன்னொரு தடவ."

எஞ்சின் மறுபடி ஊதியது. வாசகம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.